டெலியாவுக்கு ஒரு கிழமை

பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் ஊர் ஹார்லோவில் பாதிப் பேர் வேலை முடிந்து வெளியே வருவார்கள், மீதிப் பாதி வேலைக்கு உள்ளே போவார்கள். பன்றி இறைச்சித் தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடம் அந்தக் கொஞ்ச நேரத்துக்குத் திருவிழாக் கூட்டமாக இருக்கும். கணவன் இறங்க மனைவி ஏறுவாள். அண்ணன் இறங்கத் தம்பி ஏறுவான். சாவியோடு சில சமயம் குழந்தையும் கை மாறும். ஜனவரிக் குளிரில் யாரும் எஞ்சினை அணைப்பதில்லை. ஒவ்வொரு காரின் பின்னாலும் வெள்ளைப் புகை எழுந்து, மேலே போக மனமில்லாமல் அங்கேயே தொங்கிக்கொண்டு நிற்கும். ஊர் மொத்தமும் ஒரே வாயால் மூச்சு விடுவதுபோல இருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால்.

மெடியும் டெலியாவும் ஒருவரை ஒருவர் பார்ப்பது அங்கேதான். ஒரே வீட்டில் இருக்கும் அண்ணியும் நாத்தனாரும் அவர்கள். ஆனால் மெடிக்குக் காலை வேலை, டெலியாவுக்கு மாலை வேலை. ஒருத்தி எழும்போது மற்றவள் தூங்கிக்கொண்டிருப்பாள். வீட்டில் அவர்கள் சந்திப்பதெல்லாம் ஒருவர் கழுவி வைத்த தட்டும், மற்றவர் மடித்து வைத்த போர்வையும்தான்.

அந்தத் திங்கட்கிழமை டெலியா காரிலிருந்து இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினாள்.

"ஸீட்டை நல்லா சூடாக்கி வச்சிருக்கேன் அண்ணி. எறங்கவே மனசு வரல."

"சாப்பிட்டியா?"

"நேத்து வச்ச அடோபோ கறி மிச்சம் இருந்துச்சு. அண்ணனுக்கு வைக்காம நானே வழிச்சுட்டேன். கேட்டான்னா பூனை தின்னுடுச்சுன்னு சொல்லிடு."

"நம்ம வீட்டுல ஏதுடி பூனை?"

"நீதான் கிளப்புக்கே தலைவியாச்சே. ஒரு பூனைக்கு ஏற்பாடு பண்ண மாட்டியா?"

மெடி சிரித்தாள். சிரிக்கும்போது அவள் புருவத்தில் ஒட்டியிருந்த பனித்தூள் உதிர்ந்தது. முழுப்பெயர் ரெமெடியோஸ் சுமகைசாய், கடல் கடந்து வேலைக்கு வந்தவள். போன வசந்தத்தில்தான் அவளை, பனித்தடத்தில் கல்லை வழுக்கி விட்டு ஆடும் எங்கள் கர்லிங் கிளப்பின் தலைவியாகத் தேர்ந்தெடுத்திருந்தோம். தொழிற்சாலை ஆட்களில் அந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள், முதல் பெண்ணும்கூட.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். மார்ச்சுல சீசன் முடிக்கிற போட்டி இருக்குல்ல, அதுல நான் ஆடணும். எந்தக் கிழமையில பேரு குடுக்கறது?"

"இதுல என்ன யோசனை? வெள்ளிக்கிழமையில குடு. அது நமக்குன்னே வச்சதுதானே."

டெலியா அண்ணியை ஒரு மாதிரி பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் திறப்பதற்குள் சங்கு ஊதிவிட்டது. சாப்பாட்டு டப்பாவை இடுக்கிக்கொண்டு, வலது தோளைச் சற்றே தூக்கியபடி, வழுக்கும் தரையில் பென்குயின் நடை நடந்து உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று மெடிக்கு வீட்டுக்கு வந்து சேரும்வரை புரியவில்லை.

அவள் கணவன் நெஸ்டோர் அடுப்படியில் நின்று புளிக்குழம்பில் மீன் துண்டுகளை இறக்கிக்கொண்டிருந்தான். காலையும் மாலையும் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவான். நடுவில் சமையல், பனி தள்ளுவது, தங்கையோடு சண்டை போடுவது.

"அடோபோவைப் பூனை தின்னுடுச்சாம்" என்றாள் மெடி.

"தெரியும். அந்தப் பூனை தட்டைக்கூடக் கழுவல. வேற என்ன சொல்லிச்சு?"

"போட்டியில ஆடணுமாம். வெள்ளிக்கிழமையில பேரு குடுன்னேன். மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு."

நெஸ்டோர் கரண்டியைக் கீழே வைத்தான்.

"மெடி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் நாத்தனா எங்க இருப்பா?"

மெடி கோட்டின் பொத்தானில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை அவளுடைய சொந்த ஏற்பாடு. புதிதாக நாட்டுக்கு வந்தவர்கள் கூச்சமில்லாமல் வந்து ஆடட்டும் என்று அவள் கெஞ்சிக் கேட்டு வாங்கிய மாலை. பனியைத் தேய்க்க இரவல் துடைப்பம், இரவல் காலணி, மேசை நிறைய பன்சித் நூடுல்ஸ், நாலைந்து பாஷையில் கூச்சல். அதைப் பார்த்து மயங்கித்தான் ஊர் அவளைத் தலைவி ஆக்கியது. காலை வேலைக்காரி ஒருத்தி காலை வேலைக்காரர்களுக்காக யோசித்து வைத்த மாலை அது. மாலை வேலைக்காரர்கள் என்று ஊரில் பாதிப் பேர் இருக்கிறார்கள் என்பதும், அதில் ஒருத்தி தன் வீட்டிலேயே தூங்கி எழுகிறாள் என்பதும் அவள் நினைவுக்கே வரவில்லை. எங்கள் ஊரில் மட்டும்தான் இப்படி மறக்க முடியும். நாங்கள் அப்படித்தான் பாதி பாதியாக வாழ்கிறோம்.

"சரி, வேற கிழமையில ஆடட்டும்" என்றாள் மெதுவாக.

"எதுல? சொல்லு பாப்போம். திங்கட்கிழமை?"

"அது ஆம்பளைங்க. அதுவும் சாயங்காலம்."

"செவ்வாய், வியாழன்?"

"அது கோல் வச்சுக் கல்லைத் தள்ளி ஆடறவங்க. ரெண்டு மணிக்குத்தான் ஆரம்பிப்பாங்க. மூணு மணிக்கு இவ வேலைக்குப் போகணும்."

"அது மட்டுமில்ல. இவ போய்க் கேட்டிருக்கா. வாம்மா வாம்மா, ஸ்கோர் எழுதற வேலை இருக்குன்னானுங்களாம், அந்தக் கிழவனுங்க."

"புதன்கிழமை காலையில இவ சும்மாத்தானே இருக்கா? பொம்பளைங்க குழுதானே அது?"

"புதன்கிழமைக்காரிங்க கோலை உள்ள விட மாட்டாங்க. முட்டி போட்டு வழுக்கிட்டுப் போய்த்தான் கல்லை விடணும். டெலியா தோளுக்கு அது முடியுமா?"

டெலியா வருடக்கணக்காக எலும்பு பிரிக்கும் வரிசையில் கத்தி பிடித்தவள். தோள் போன பிறகுதான் அவளை லேபிள் ஒட்டும் பக்கம் மாற்றினார்கள். கர்லிங்கில் கல்லை விடுகிறவர் ஒரு காலைப் பனியில் பதித்த மிதியில் ஊன்றி, மற்றக் காலில் தாழ்ந்து வழுக்கிப் போக வேண்டும். உடம்பின் பாரத்தில் பாதி தோளில் இறங்கும். முடியாதவர்களுக்காகத்தான் கோல். கல்லின் கைப்பிடியில் அதை மாட்டி, நின்றபடியே நடந்து போய்த் தள்ளி விடலாம். கிளப்பில் பனித்தடம் போடும் லாய்ட் ஒரு பழைய கோலை அவளிடம் கொடுத்து, காலை வேளைகளில் காலியாகக் கிடக்கும் தடத்தில் ஆடவும் விட்டிருந்தார். நெஸ்டோர் சில நாள் போய்ப் பார்த்திருக்கிறான். மெடிக்கு இது எதுவும் தெரியாது. நாத்தனார் காலையில் கடைக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா ஆடறாளா?" என்று கேட்டாள்.

"வட்டத்துக்கு நடுவுல கொண்டுபோய் உக்கார வைக்கிறா மெடி. கல்லுக்குக் கண்ணு இருக்கிற மாதிரி போகுது. ஆனா பாக்க நானும் லாய்டும் மட்டும்தான். அந்தாளு பாதி நேரம் பனிய பாக்கறாரு. நான் கடியாரத்தப் பாக்கறேன்."

"அப்ப விதிய மாத்தச் சொல்லிக் கேக்கறேன்."

"தலைவியம்மா கேட்டா நடக்கும்."

"நீ வேற. என்ன சொல்லுவாங்கன்னு தெரியும்ல? நாற்காலியில உக்காந்து வருஷம் ஆகல, அதுக்குள்ள சொந்தக்காரிக்காக விதிய வளைக்கிறான்னு சொல்லுவாங்க. நான் பண்ணா அது நான் பண்ணதா இருக்காது நெஸ்டோர். 'அவங்க ஆளுங்க'ன்னு ஆயிடும்."

நெஸ்டோர் ஒரு கிண்ணத்தை எடுத்தான். குழம்பை ஊற்றி அவள் முன்னால் வைத்தான். ஆவி எழுந்து அவள் கண்ணாடியை மறைத்தது. அவள் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போகிறவர்கள் போய்வந்த பிறகு, கிளப்பின் மாடி அறையில் நிர்வாகக் குழு கூடியது. சமையலறை வேலை அன்று என் முறை. காப்பி ஊற்றுகிற சாக்கில் முழுக் கூட்டத்தையும் கேட்டேன்.

அந்த அறையில் உட்கார்ந்தால் கண்ணாடி வழியாகக் கீழே நான்கு தடங்களும் தெரியும். யாரும் ஆடாத பனி, விளக்கு வெளிச்சத்தில் இன்னும் யாரும் எழுந்திராத விடியற்காலை மாதிரி இருந்தது. கூரை ஒழுகல், டீசல் செலவு, உடைந்த கழிப்பறைக் கதவு எல்லாம் பேசி முடித்தார்கள். மெடி தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"இன்னொரு விஷயம். எந்தக் குழுவிலயும் சேர முடியாத ஆளுங்க சிலர் இருக்காங்க. நேரம் ஒத்துவராது, இல்லன்னா உடம்பு ஒத்துவராது. அவங்களுக்கு ஏதாவது வழி பண்ணணும்."

"ஐயோ பாவம், கண்டிப்பா பண்ணணும்" என்றார்கள் எல்லோரும். எங்கள் ஊர்க்காரர்கள் நல்லவர்கள். யாருக்காவது உதவி என்றால் முகம் மலர்ந்துவிடும்.

"போட்டி அன்னைக்கு முதல் கல்லை அந்த மாதிரி ஒருத்தர் கையால விடச் சொல்லலாம்" என்றார் ஒருவர். "பூங்கொத்து குடுத்து."

"போட்டோவும் எடுக்கலாம்."

"கேக்?"

"கேக் இல்லாமயா?"

ஐரீன் ப்ரோசுக் மட்டும் பேசவில்லை. புதன்கிழமைக் குழுவின் கேப்டன். ஊருக்கு வடக்கே பெரிய பண்ணை. உக்ரேனியத் தாத்தா காலத்திலிருந்தே இருக்கும் குடும்பம். பேசினால் பக்கத்து வயலில் மாடு திரும்பிப் பார்க்கும்.

"எந்தக் குழு? என்ன விதி? மூடி மூடிப் பேசுதியே, யாருக்குன்னு சொல்லேன்" என்றாள்.

"பொதுவாத்தான் சொல்றேன் மேடம்."

"மேடம் கீடம்னு சொல்லாதட்டி, பள்ளிக்கூடத்து ஆளு வந்த மாரி இருக்கு."

பனி போடும் லாய்ட் அதுவரை கேக்கைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று முகம் பிரகாசமாகி, "டெலியாவுக்குத்தானே? அந்தப் பொண்ணு கோல் புடிச்சா நம்ம வியாழக்கிழமைக் கிழவனுங்க எல்லாம் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்" என்றார்.

எல்லோர் முகமும் மெடி பக்கம் திரும்பியது.

"உன் நாத்தனாவா?" என்றாள் ஐரீன்.

மெடியின் காது சிவந்தது. "ஆமா."

"புதன்கிழமைக்கா கேக்க?"

"நான் கேக்கல. பொதுவா..."

"புதன்கிழமையில கோல் கிடையாது. எங்க குழு, எங்க விதி. இங்கன மேசையில உக்காந்து மாத்த முடியாது."

ஐரீன் கோபமாகச் சொல்லவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் என் நிலம் என்று சொல்வதுபோலச் சொன்னாள். மெடி தலையாட்டினாள். முதல் கல், பூங்கொத்து, கேக் எல்லாம் ஒருமனதாக முடிவாயிற்று. எல்லோரும் மனநிறைவோடு எழுந்து போனார்கள். மெடி கடைசியாக எழுந்தாள். காப்பியைத் தொட்டிருக்கவே இல்லை.

மறுநாள் மூன்று மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில், ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

"முதல் கல்லு நீ விடப் போற. பூங்கொத்து குடுப்பாங்க. எல்லாரும் கை தட்டுவாங்க."

டெலியா முதலில் சிரித்தாள். அப்புறம் அண்ணியின் முகத்தைப் பார்த்து, வேடிக்கை இல்லை என்று தெரிந்து, சிரிப்பை நிறுத்தினாள்.

"எதுக்கு அண்ணி? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"டெலி..."

"பூங்கொத்து வேணாம். எனக்கு எதிர்ல நின்னு என்னைத் தோக்கடிக்க ஆளு வேணும். தோக்கடிச்சுட்டு, வா உக்காரு, என்ன குடிக்கறன்னு கேக்க ஆளு வேணும். ஜெயிச்சவங்க தோத்தவங்களுக்கு வாங்கிக் குடுக்கறதுதானே இங்க வழக்கம்? எத்தனை வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். ஒருத்தனும் எனக்கு ஒரு காப்பி கடன்படல."

"நான் கேட்டேன்டி. முடியாதுங்கறாங்க."

"எப்படிக் கேட்ட? எம்பேரைச் சொல்லிக் கேட்டியா?"

மெடி கையுறையைச் சரிசெய்துகொண்டாள்.

"பாரு அண்ணி, உன் கிளப்புல எல்லாருக்கும் ஒரு கதவு இருக்கு. பொம்பளைக்கு ஒரு கதவு. கோல்காரனுக்கு ஒரு கதவு. புதுசா வந்தவனுக்கு ஒரு கதவு. நான் மூணும்தான். மூணு துண்டா வெட்டி, ஒவ்வொரு கதவுக்கும் ஒரு துண்டு அனுப்பவா? வெட்டற வேலை நமக்கு நல்லாத் தெரியுமே. தொடைச் சப்பை புதன்கிழமைக்கு, தோள் செவ்வாய்க்கிழமைக்கு."

பக்கத்துக் காரில் சாவி மாற்றிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். மெடிக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு வேறு ஏதோவும் வந்தது. சங்கு ஊதியது. டெலியா கதவைச் சாத்திவிட்டு நடந்தாள்.

மெடி வெகுநேரம் வண்டியை எடுக்கவில்லை. நாத்தனார் சூடாக்கி வைத்திருந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் மேற்பார்வையாளருக்குப் போன் போட்டு, புதன்கிழமை விடுப்பு கேட்டாள்.

புதன்கிழமை காலை குளிர் மூக்குக்குள் முள்ளாக ஏறியது. நடந்தால் பனி காலடியில் கீச்சிட்டது. தெற்குக் காற்று, அதனால் தொழிற்சாலை வாடை ஊருக்கு மேல் போர்வை மாதிரி கிடந்தது. பெண்கள் குழுவில் எல்லோரும் வந்திருந்தார்கள். நீள மேசையில் எலுமிச்சைச் சதுர இனிப்புகள், தேங்காய் உருண்டை, ஊறுகாய்த் தட்டு. ஆட்டத்தை விடத் தீனிக்குப் பேர்போன குழு அது.

மெடியும் டெலியாவும் உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்து வரவேற்றார்கள். நாற்காலி போட்டார்கள். தட்டு நிறைய வைத்துக் கொடுத்தார்கள். "தோள் எப்படிம்மா இருக்கு?" என்று மெல்லிய குரலில் கேட்டார்கள்.

"தோளு நல்லாருக்கு, கேட்டதாச் சொல்றேன்" என்றாள் டெலியா.

ஐரீன் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கனத்த ரப்பர் காலணி, வயல் கோட்டு. இந்தச் சீசனில் நவம்பரிலிருந்தே அவள் இறங்கி ஆடவில்லை. கேட்டால் மாடு கன்று போடுகிற நேரம் என்பாள். நவம்பரில் எந்த மாடு கன்று போடுகிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற தைரியம் எங்கள் யாருக்கும் கிடையாது.

மெடி அவளிடம் நேராகப் போனாள்.

"ஐரீன் மேடம், ஞாயித்துக்கிழமை நான் சுத்தி வளைச்சுப் பேசிட்டேன். இன்னைக்கு நேரா கேக்கறேன். இவ என் நாத்தனா டெலியா. புதன்கிழமைல ஆடணும். கோல் வச்சுத்தான் ஆட முடியும். சொந்தக்காரிக்காகக் கேக்கறேன்னு சொல்லுவீங்க. ஆமா, சொந்தக்காரிக்காகத்தான் கேக்கறேன். அவ என் வீட்டுல இருக்கறதாலதான் இந்தத் தப்பு என் கண்ணுக்கே பட்டுச்சு. இவள மாதிரி இன்னும் எத்தனை பேரோ, எனக்குத் தெரியாது."

"சொல்லியாச்சுல்லா, விதி விதிதான்."

"அப்ப கோல் இல்லாம ஆடறேன்" என்றாள் டெலியா.

"டெலி, வேணாம்."

"தள்ளு அண்ணி. தேங்கா உருண்டை தின்னுட்டுப் போறதுக்கா வந்தேன்?"

யாரும் தடுப்பதற்குள் தடத்தில் இறங்கிவிட்டாள். மிதியில் கால் வைத்து, முட்டியை மடித்து, கல்லின் கைப்பிடியைப் பிடித்தாள். ஒரு கணம் நன்றாகத்தான் இருந்தது. முன்னால் வழுக்கினாள். பாரம் தோளில் இறங்கியது. தோள் ஒத்துழைக்க மறுத்தது. கல் ஒரு பக்கம் சோம்பேறித்தனமாக வழுக்கி நின்றது. டெலியா மறுபக்கம் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, மல்லாக்க விழுந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"ஏட்டி, அடி பட்டுட்டா?" ஐரீன் அந்த ரப்பர் காலணியோடேயே பனியில் இறங்கினாள்.

"கூரை ஒழுகுது" என்றாள் டெலியா படுத்தபடி.

"எந்திரிட்டி. கையக் குடு."

ஐரீன் குனிந்தாள். பாதிவரை குனிந்தாள். அதற்குமேல் முட்டி இறங்கவில்லை, மேலேயும் ஏறவில்லை. அப்படியே நின்று, ஒரு பெரிய மூட்டையை மெல்ல இறக்குவதுபோலத் தன்னையே பனிமேல் உட்கார வைத்துக்கொண்டாள்.

மேசையில் தீனி மென்றவர்கள்கூட நிறுத்தினார்கள். பனி எந்திரத்தின் முணுமுணுப்பு மட்டும்.

"நீங்க ஏன் உக்காந்துட்டீங்க?" என்று கேட்டாள் டெலியா.

"ஆசைக்கா உக்காந்தேன்? எந்திரிக்க முடியல."

"எனக்கும்தான்."

"ஒனக்குத் தோளு. எனக்கு ரெண்டு முட்டியும்."

"கன்னுக்குட்டியாலதான் நீங்க ஆடலன்னு சொன்னாங்களே?"

ஐரீன் அவளை முறைத்தாள். பிறகு ஐரீனின் வயிறு முதலில் குலுங்கியது, அப்புறம் தோள், கடைசியில்தான் சத்தம் வந்தது. டெலியாவும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் பனியில் உட்கார்ந்து, ஒருத்தியை ஒருத்தி பிடித்து எழ முயன்று, மறுபடி வழுக்கி, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மெடிதான் முதலில் ஓடிப்போய் ஐரீனின் கையைப் பிடித்தாள். அவளும் வழுக்கினாள். லாய்ட் வந்து மூன்று பேரையும் ஓரமாக இழுத்துச் சேர்க்க வேண்டியிருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு ஐரீன் சொன்னாள்:

"எம் புருஷன் ஓரெஸ்ட் கோலத் தூக்குன அன்னைக்கு, இனிமே நான் கிழவன்தான் ஐரீன்னு சிரிச்சான். நான் கிழவி ஆக மாட்டேன்னு விதி போட்டேன். அஞ்சாறு பேரு கை தூக்குனாளுவ. இப்போ அந்த விதிக்குப் பயந்து நவம்பருலேர்ந்து கண்ணாடிக்குப் பின்னால நிக்கேன்." மேசைப் பக்கம் திரும்பினாள். "என்னத்தப் பாக்கீங்க? கோலு வேணும்கிறவ கை தூக்குங்க."

முதலில் ஒரு கை. பிறகு, இவளுக்குமா முட்டி வலி என்று நாங்கள் நினைத்தே பார்த்திராத கைகள். கடைசியில் எலுமிச்சைச் சதுரத்தைப் பிடித்திருந்த கைகூட அதோடேயே மேலே போனது.

"நான் ஓட்டுப் போட மாட்டேன்" என்றாள் மெடி அவசரமாக. "என் நாத்தனா விஷயம்."

"ஒன்னய யாரு கேட்டா?" என்றாள் ஐரீன். "லாய்டு! ரெண்டு கோலு எடுத்துட்டு வா. நல்லதா ரெண்டு. வளைஞ்சத ஆம்பளைக்குக் குடு."

அன்று முதல் புதன்கிழமைகளில் கிளப்புக்கு வெளியே தொழிற்சாலை ஸ்டிக்கர் ஒட்டிய கார்கள் நிற்கத் தொடங்கின. டெலியா தன் வரிசையில் நிற்கும் இரண்டு பேரை அழைத்து வந்தாள். ஒருத்தி எத்தியோப்பியப் பெண், துடைப்பத்தால் பனியைத் தேய்க்கும் வேகத்தைப் பார்த்து லாய்ட் தடத்துக்கு ஆபத்து என்று கவலைப்பட்டார். தீனி மேசையில் லும்பியாச் சுருள்களும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தன. எது முதலில் தீர்கிறது என்பதில் தனிப் போட்டி.

எல்லாமே அப்படி இனிதாக முடிந்துவிடவில்லை. மெடி உற்சாகத்தில் வெள்ளிக்கிழமை மாலையை எடுத்துவிட்டு எல்லோரையும் எல்லாக் கிழமைகளிலும் கலக்கப் பார்த்தாள். அவளுடைய சொந்த ஆட்களே சண்டைக்கு வந்தார்கள். "வாரம் பூரா இங்கிலீஷ்ல பேசறோம். ஒரு நாளாவது நம்ம பாஷையில கத்தி ஆடறோம். அதையும் புடுங்கணுமா?" என்றார்கள். அவள் யோசித்துப் பார்த்து, அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டாள். மாலை வேலைக்காரர்களுக்காக வெள்ளிக்கிழமை காலையிலும் ஒரு ஆட்டம் சேர்த்தாள். அதற்கு இன்னும் கூட்டம் வரவில்லை. திங்கட்கிழமை ஆண்கள் எதற்குமே அசையவில்லை. அவர்களைப் பற்றி அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

மார்ச் மாதச் சனிக்கிழமை, சீசன் முடிக்கும் போட்டி. கூரையிலிருந்து பனி உருகி இடைவிடாமல் சொட்டியது. வாசலில் முழங்கால்வரை சேறு. முதல் கல்லை விட்டது மேயரின் பேத்தி. பூங்கொத்து அவளுக்கு, கேக் எல்லோருக்கும்.

ஐரீனின் அணி திங்கட்கிழமை ஆண்களோடு மோதியது. கண்ணாடிக்குப் பின்னால் மெடியும் நெஸ்டோரும். சமையலறையை விட்டுவிட்டு நானும் நின்றேன். கடைசிச் சுற்று வரைக்கும் சமமாகப் போனது. வட்டத்தின் நடுவில் ஐரீன் அணியின் கல் ஒன்று அழகாக உட்கார்ந்திருந்தது. அதற்கு முன்னால் ஒரு காவல் கல்லை வைத்தால் போதும். டெலியாவின் முறை. ஐரீன் எதிர்முனையில் துடைப்பத்தை ஊன்றிக் குறி காட்டினாள். டெலியா கோலை மாட்டினாள், நடந்தாள், விட்டாள்.

வேகம் அதிகம். கை விட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தேய்ப்பவர்கள் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். கல் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி, வட்டத்துக்குள் நுழைந்து, தன் அணியின் கல்லையே வெளியே தள்ளிவிட்டு, தானும் பின்னாலேயே போனது. எதிரணிக்குப் பாதை திறந்துவிட்டது. அத்தோடு ஆட்டம் போயிற்று.

கூடியிருந்தவர்கள் பழக்கத்தில் கை தட்டினார்கள். "பரவால்லம்மா, நல்ல முயற்சி" என்று யாரோ மெல்லிய குரலில் சொன்னார்கள்.

"என்னத்த நல்ல முயற்சி?"

ஐரீனின் குரல் ஹால் முழுவதும் அதிர்ந்தது. கை தட்டல் நின்றது.

"ஏட்டி டெலியா! ஒன் கண்ண எங்கட்டி வச்சிருந்த? காவலுக்கு நிறுத்துன்னா கல்லையே கொன்னுட்டியே! நான் இங்கன துடைப்பத்த ஊனி நின்னது என்ன, கொடிமரத்துக்கா?"

மெடி சட்டென்று எழுந்தாள். தலைவி என்ற முறையில் இறங்கிப் போய் ஏதாவது சொல்ல வேண்டுமோ என்று அவள் கால் தவித்தது. நெஸ்டோர் அவள் ஸ்வெட்டரின் ஓரத்தைப் பிடித்து இழுத்தான்.

"உக்காரு."

"எல்லார் முன்னாலயும் திட்டறாங்க நெஸ்டோர்."

"அவ மூஞ்சியப் பாரு."

டெலியாவின் முகத்தில், வெகுநாள் பூட்டிக் கிடந்த வீட்டில் யாரோ விளக்கைப் போட்டதுபோல இருந்தது. அவள் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஐரீனை நோக்கி நடந்தபடியே பதில் கத்தினாள்.

"நீங்க துடைப்பத்த ஊனினது தடத்துக்கு நடுவுல. பனி அங்க வேகமா ஓடுதுன்னு ரெண்டாவது சுத்துலயே சொன்னேன்! கேட்டீங்களா?"

"நீ சொல்லல."

"சொன்னேன். நீங்க கொழுக்கட்டையப் பத்திப் பேசிட்டு இருந்தீங்க."

"வேகமா ஓடுதுன்னு தெரியும்லா, அப்ப மெதுவா விடணும்! அறிவுக்கு என்ன, லேபிள் ஒட்டி அனுப்பிட்டியா?"

"ரெண்டு முட்டியும் போன கேப்டனை வச்சுக்கிட்டு இவ்ளோ தூரம் வந்ததே பெருசு!"

ஜெயித்த ஆண்கள் நால்வரும் கை குலுக்க நீட்டிய கைகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்க வாய் திறந்த ஒருவர், திறந்தபடியே இருந்தார். இரண்டு பெண்களும் அவர்களைத் தாண்டி, சத்தம் குறையாமல், படியேறி மேசை வரைக்கும் வந்துவிட்டார்கள். ஐரீன் ஒரு நாற்காலியை இழுத்து டெலியா பக்கம் தள்ளினாள். தானும் பக்கத்தில் விழுந்தாள்.

"அந்த மெதுவா விடுத வித்தைய ஒனக்கு ஊறப் போட்டு ஊட்டணும். புதன்கிழமை வெள்ளன வா. எட்டு மணிக்கே வா."

எந்திரத்தை நிறுத்தப் போய்க்கொண்டிருந்த லாய்ட் அந்தப் பக்கம் நின்றார்.

"ஐரீன், இன்னைக்கோட பனிய உருக்கறேன். சீசன் முடிஞ்சுது. இனிமே அக்டோபர்தான்."

ஐரீன் அவரைப் பார்த்தாள். டெலியாவைப் பார்த்தாள்.

"அப்போ அக்டோபர்ல எட்டு மணிக்கு வா" என்றாள்.